ரெண்டு அரியர், ஒரு புராஜெக்ட், நடுவில் படகு

தம்பி, 71 சதவீத வருகை, ரெண்டு அரியர், புராஜெக்ட், அப்பாவின் விசைப்படகுக்கு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வருகைப்பதிவு. அதில் குறைந்தால் ஹால் டிக்கெட்டிலேயே சிக்கல். காண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் மட்டும் போதுமா, மருத்துவச் சான்றிதழும் வேண்டுமா என்று துறைத்தலைவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அரியருக்கும் பணம் கட்டணும். கடைசி நாள் கியூவில் நின்று, கவுன்ட்டரை மூடிவிட்டதால் மறுநாள் அபராதத்தோடு கட்டியவன் நான். புராஜெக்ட்டை ஒவ்வொரு அத்தியாயமாக கைடிடம் காட்டுங்கள்.

அப்புறம் படகு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு திங்கள், புதன், சனிதானே போகும்? சனிக்கிழமை மட்டும் ஏறுங்கள், மற்ற நாள் கூலிக்கு ஆள் பிடிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் எப்படியும் மீன்பிடித் தடைக்காலம். பரீட்சை நேரத்தில் அப்பாவே வீட்டில்தான் இருப்பார்.