ஆல்புமின் குறைவாக இருந்தால் வலிப்பு மாத்திரையின் வேகம் கூடுமா?

அம்மாவுக்கு ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) 2.5, ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், வலிப்பு திரும்பிவிடும். இதில் ஏமாற்றுவது பெரும்பாலும் மாத்திரை இல்லை, ரிப்போர்ட்தான்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். என் சித்தப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போய் ஆல்புமின் 2-க்கு இறங்கியிருந்தது (3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும்). ரத்தத்தில் ஃபெனிடாயின் 8 என்று வந்தது. 10 முதல் 20 வரை இருக்க வேண்டுமே, பத்தவில்லை என்று 300 மில்லிகிராமை 400 ஆக்கிவிட்டார்கள். பத்து நாளில் மனிதர் திண்ணைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் விரலைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். கண்மணி வெட்டி வெட்டித் துடித்தது. டீயைத் தவிர எதையும் தொடாதவரைப் பற்றித் தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள்.

நடந்தது இதுதான். ஆல்புமினைப் புதுச்சேரி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெனிடாயினில் 90 சதவீதம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும், அதனால் ஒரு வேலையும் நடக்காது. இறங்கி நடக்கிற 10 சதவீதம்தான் மூளைக்குப் போகும். ஈரலில் அழிவதும் அதுவே. பஸ் குறைந்தால் நிறையப் பேர் ரோட்டில் நிற்பார்கள், ஆனால் அவர்களை ஈரலும் சீக்கிரம் அனுப்பிவிடும். கடைசியில் மொத்தத் தலைக்கணக்கு குறையும், ரோட்டில் நடப்பவர்கள் ஏறக்குறைய முன்பு இருந்த அளவே. லேப் எண்ணுவதோ மொத்தத்தை!

ஆல்புமின் குறைவையும் சேர்த்து ரிப்போர்ட்டைத் திருத்திப் பார்க்க ஷைனர்-டோசர் கணக்கு உண்டு. ஆல்புமினை 0.2 ஆல் பெருக்கி 0.1 கூட்டி, வந்த எண்ணால் ரிப்போர்ட் அளவை வகுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு 8-ஐ 0.5 ஆல் வகுத்தால் 16. சரியாகத்தான் இருந்திருக்கிறது! அதன் மேல் 100 ஏற்றினால்? ஃபெனிடாயினை அழிக்கும் ஈரல் நொதிகளுக்கு ஓர் அளவுதான் தாங்கும். அதைத் தாண்டினால் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எகிறிவிடும்.

உங்கள் அம்மாவுக்கு வகுக்க வேண்டியது 0.6 ஆல். இது உத்தேசக் கணக்குதான். கிட்னி பழுதாகியிருந்தால் இன்னும் தப்பும். ஆல்புமினில் ஒட்டாத, அதாவது பஸ்ஸில் ஏறாத ஃபெனிடாயினை மட்டும் தனியாகப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, அதில் 1 முதல் 2 வரை இருந்தால் போதும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாதிரிப் புரதத்தில் ஒட்டாத மாத்திரைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அடுத்த முறை ஃபெனிடாயினுக்கு ரத்தம் எடுக்கும்போது அதே குழாயில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லி, இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.