உயிருக்கு வேண்டிய கரிம மூலக்கூறுகள் விண்வெளியில் எப்படி உருவாகின்றன?

கரிம மூலக்கூறு என்றால் கார்பனை அடிப்படையாகக் கொண்டது. மெத்தனால், அமினோ அமிலம் எல்லாம் இந்த வகை. விண்மீன்களுக்கு நடுவிலுள்ள இருண்ட மேகங்களில் குளிர் ஏறக்குறைய மைனஸ் 260 டிகிரி. அங்கே அணுக்கள் சந்திப்பதே அபூர்வம். மோதினாலும் மிஞ்சும் ஆற்றலால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

இணைத்து வைப்பது தூசித் துகள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தவறிய இருவரில் ஒருவர் தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் நின்றுவிட்டால், தேடி அலையும் மற்றவர் வந்து சேர்ந்துவிடுவார். அப்படித்தான் கார்பன் மோனாக்சைடு துகள்மேல் பனியாக உறைந்து நிற்க, ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டும்: இரண்டு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு, நான்கு சேர்ந்தால் மெத்தனால். மிஞ்சும் வெப்பத்தைத் துகள் வாங்கிக்கொள்வதால் பிணைப்பு நிலைக்கிறது. பிறகு புற ஊதா ஒளி பனியை உடைக்க, துண்டுகள் சேர்ந்து பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன. 67பி வால்மீனின் வாயுவில் ரொசெட்டா விண்கலம் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையே கண்டது.

இவை இருந்தால் அங்கே உயிரும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உயிரின் துணையின்றி வேதிவினையால் மட்டுமே உருவானவை இவை.