'ஃபேதம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எப்படி வந்தது?

கடலின் ஆழத்தைச் சொல்ல ஆங்கிலேய மாலுமிகள் வைத்திருந்த அளவு அது. ஒரு ஃபேதம் 6 அடி, அதாவது 1.8288 மீட்டர்.

ஆனால் சொல் பிறந்த இடத்தில் தண்ணீரே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு விரித்த இரண்டு கைகள், அணைப்பு என்று பொருள். அதன் உறவுச்சொல்லான 'ஃபம்ன்' ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் அணைப்பைக் குறிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதே அளவுக்கு 'பிராஸ்' என்பார்கள். அதுவும் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அணைப்பு எப்படி ஆழம் ஆனது? கயிற்றை இழுப்பவரின் கைகளைப் பாருங்கள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, அது தரையைத் தொட்டதும் மேலே இழுக்கிறார். ஒவ்வொரு தடவையும் கயிற்றை இரு கைகளுக்கு நடுவே முழுசாக விரித்துப் பிடித்தால் அது ஏறக்குறைய ஆறடி. எத்தனை தடவை கை விரிந்ததோ, அத்தனை ஃபேதம். தனியாக அளவுகோல் எதுவும் வேண்டாம்.

பிற்காலக் கப்பல்களில் கயிற்றிலேயே அடையாளம் கட்டிவிட்டார்கள். 2 ஃபேதத்தில் இரண்டு தோல் வார், 3-இல் மூன்று, 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி, 10-இல் துளையிட்ட தோல். துணிகளும் வேறு வேறு ரகம். இருட்டில் நிறம் தெரியாது, தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்கினால் மணலோ சேறோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு வரும். ஆழத்தோடு தரையின் தன்மையும் தெரிந்துவிடும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. 1875-இல் 'சாலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் பசிபிக் கடலின் மரியானா அகழியில் 4475 ஃபேதம் ஆழத்தைக் கண்டதும் இப்படிக் குண்டும் கயிறும் இறக்கித்தான். எட்டு கிலோமீட்டருக்கும் மேல்!

இன்னொன்று. மார்க் ட்வைன் என்பது அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் கிளெமென்ஸின் புனைபெயர். மிசிசிப்பி நதியில் படகோட்டியாக இருந்தவர் அவர். ஆழம் பார்ப்பவர் அங்கே 'மார்க் ட்வைன்' என்று கூவினால் 2 ஃபேதம், 12 அடி தண்ணீர் இருக்கிறது, நீராவிப் படகு தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம்.

அப்புறம், வினைச்சொல். முதலில் கைகளால் அணைப்பது, பிறகு ஆழம் பார்ப்பது, அதிலிருந்து ஒரு விஷயத்தை அடிவரை புரிந்துகொள்வது என்று பொருள் நகர்ந்தது. இன்று புரிந்துகொள்வது என்ற பொருள்தான் அதிகம் புழங்குகிறது, அதுவும் பெரும்பாலும் 'புரியவே இல்லை' என்று சொல்ல.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' கணக்கில் சொல்கிறார்கள். அதுவும் விரித்த கைகளின் நீளம்தான். தமிழ் பைபிளில், பவுல் போன கப்பல் புயலில் மாட்டும் இடத்தில், மாலுமிகள் 'விழுது' (ஆழம் பார்க்கும் குண்டுக் கயிறு) விட்டு முதலில் 20 பாகம், சற்று அப்பால் 15 பாகம் என்று காண்கிறார்கள். ஆங்கில பைபிளில் அதே இடத்தில் இருப்பது ஃபேதம். ஆகவே கடல் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள் தயங்காமல் 'பாகம்' என்றே எழுதலாம். அடிக்குறிப்பில் ஆறடி என்று சொன்னால் போதும்.