மவுன்ஜாரோ ஊசியால் குமட்டல், மலச்சிக்கல்: நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதும் தொடர்வதும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியது. அதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். நானும் இதே ஊசிதான் போட்டுக்கொள்கிறேன். என் குமட்டலில் முக்கால்வாசி தட்டிலிருந்துதான் வந்தது.

சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒருமுறை போடும் ஊசி இது. இதில் இருக்கும் டிர்செபடைட் என்கிற மருந்து பசியைக் குறைக்கிறது. கூடவே இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் சால்னாவும் சாப்பிட்டுப் படுத்தால், விடிந்தும் நெஞ்சிலேயே நிற்கும். அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் வேறு. (பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.) ஏழரைக்குள் இரண்டு இட்லி, இல்லையென்றால் ரசம் சாதம் என்று மாற்றிக்கொண்டேன். ஊசி போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும் வடை, பஜ்ஜி பக்கம் போவதில்லை.

எனக்குப் பெரிய சிக்கல் உபசாரம்தான். "என்னம்மா, கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறே" என்று அத்தை இன்னொரு கரண்டி வைப்பார். போதும் என்று தோன்றிய பிறகு உள்ளே போகும் நாலு வாய்தான் வாந்தியாக வெளியே வரும். இப்போது, "டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்று இலையை மூடிவிடுகிறேன். டாக்டர் பெயருக்கு நம் வீடுகளில் தனி மரியாதை.

மலச்சிக்கலுக்கு ஒரு காரணம், சாப்பாடு பாதியானால் காய்கறியும் தண்ணீரும் கூடப் பாதியாகிவிடுவது. தாகமே தெரியாது, சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நீர்மோர், கீரை, கொய்யா உதவும். இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமி எடுத்தால் டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் இறுகும். தட்டில் முட்டை, மீன், சுண்டல், பன்னீர் முதலில், சோறு கடைசியில். எடையோடு தசையும் குறையும் என்பதால் புரதத்தில் கை வைக்காதீர்கள்.

டோஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் நாலு வாரம் போடும் 2.5 மில்லிகிராம் உடம்பைப் பழக்கத்தான். பிறகு 5. அதற்கு மேல் கூட்டுவதானாலும் ஒவ்வொரு படியிலும் குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் மருந்துக் குப்பி ஒன்றே 3,500 ரூபாய். இவ்வளவு செலவழிக்கிறோமே என்று டோஸைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 72 வாரம் நடந்த பெரிய ஆய்வில் 5 மில்லிகிராமிலேயே சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. குமட்டல் இருக்கும்வரை அதே டோஸில் நீடிக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

சமாளிக்கப் பார்க்கக் கூடாதவையும் உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் கணையத்தில் அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரி. இன்சுலினோ கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம்; வியர்த்து நடுங்கினால் குளுக்கோஸ் பொடியை வாயில் போட்டுக்கொண்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், ஊசி தொடங்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் நாலு வாரத்துக்கு வேறு தடுப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசியே கூடாது. ஆபரேஷன், எண்டோஸ்கோபி என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறுத்தினால் பசி திரும்பும். இறங்கிய எடையில் பெரும்பகுதி பலருக்கும் ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்துவதில் தப்பில்லை. ஆனால் நாமாகச் சில வாரம் விட்டுவிட்டு, மறுபடி பழைய டோஸையே எடுத்துப் போடக் கூடாது. வயிறு பழக்கம் விட்டுப் போயிருக்கும்; எந்த டோஸில் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டே போடுங்கள்.