கூரை வேலைக்கு அப்ரென்டிஸா சேரணுமா? கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

22 வருஷமா கூரை மேலதான் பொழப்பு. ஓடு, தகரம், தார் ஷீட்டு மூணுமே பாத்தாச்சு, கடைசி 8 வருஷமா புதுசா வர்ற பசங்களை பக்கத்துல வச்சு சொல்லிக்கொடுக்கறேன். ஆளாளுக்கு தனித்தனியா கேக்கறதால மொத்தமா இங்கயே கேட்டுடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, கூரைல வெளிச்சத்துக்காக நடுநடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு போட்டிருப்பாங்க பாருங்க, அது மேல கால் வைக்காதீங்க. வேற எதையும் படிக்கலேன்னாலும் பரவால்ல.

கேள்வி: சம்பளத்தோட பயிற்சின்னா எப்படி? நாம ஏதாவது பணம் கட்டணுமா?

அவங்கதான் உங்களுக்கு கொடுக்கணும். பெரும்பாலான நேரம் சைட்டுல வேலை, நடுவுல வகுப்பு, இப்படி 2லேர்ந்து 4 வருஷம் ஓடும். தேர்ந்த ஆளு வாங்கறதுல ஏறக்குறைய பாதில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்துவாங்க. சேர்றதுக்கே டெபாசிட் கேட்டா வந்த வழியே திரும்பிடுங்க.

கேள்வி: அண்ணே எனக்கு உயரம்னா பயம். இந்த வேலை சரிப்படுமா?

பயம் இருக்கட்டும் தம்பி, பயமே இல்லாதவனைத்தான் நான் மேல ஏத்த யோசிப்பேன். முதல் ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏறு. தலை சுத்தி கை கால் உதறி ஒரே இடத்துல உறைஞ்சு நின்னுடற மாதிரி இருந்து, அது குறையவே இல்லேன்னா வெக்கப்படாம சொல்லிட்டு இறங்கிடு.

கேள்வி: எனக்கு கணக்கு சுத்தமா வராது. கூரை வேலைக்கு கணக்கு எதுக்கு?

இது நல்ல கேள்வி. ஒரு வீடு 30க்கு 40 அடி, தரையில அளந்தா 1200 சதுர அடி. கூரையும் 1200தான்னு நினைச்சு மெட்டீரியல் சொன்னீங்கன்னா பாதில நிப்பீங்க, ஏன்னா கூரை சாஞ்சு இருக்கு. வாட்டம் எவ்ளோன்னு பாக்கணும். 12 அங்குலம் குறுக்கால போனா 6 அங்குலம் ஏறுதுன்னு வச்சுக்கோங்க. 12ஐ 12ஆல பெருக்கினா 144, 6ஐ 6ஆல பெருக்கினா 36, கூட்டினா 180, அதோட வர்க்கமூலம் 13.42. அதை 12ஆல வகுத்தா 1.118. இப்போ 1200ஐ அதால பெருக்குங்க, 1342 வருது. 142 சதுர அடி எங்கேர்ந்து வந்துச்சு பாத்தீங்களா? இது இல்லாம இறவாணம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறது, ஓவர்லாப், வெட்டுல வீணாப்போறது எல்லாம் தனி. பள்ளிக்கூடத்துல பித்தாகரஸ் எதுக்குன்னு கேட்டுட்டு தூங்கின ஆளு நான், சைட்டுல ஒரு வாரத்துல வந்துடுச்சு. உங்களுக்கும் வரும்.

கேள்வி: எங்க வீட்டு மொட்டைமாடி ஒழுகுது, என்ன கெமிக்கல் அடிக்கலாம்?

அது வேற கடை சார். நேர்ல பாக்கற ஆளைக் கூப்பிடுங்க.

கேள்வி: அப்ரென்டிஸ்லாம் சுத்த ஏமாத்து வேலை. நான் சேர்ந்து 14 மாசம் குப்பைதான் அள்ளினேன், ஷீட்டு தூக்கினேன். தினக்கூலியா போனா முதல் நாளே கூடுதல் காசு. எதுக்கு இந்த பில்டப்?

வாங்க எதிர்க்கட்சி. முதல் நாள் காசு கூலிக்குத்தான் அதிகம், அதை ஒத்துக்கறேன். ஆனா கூலிக்கு வந்தவனை எந்த கான்ட்ராக்டரும் புகைபோக்கி ஓரத்துல ஃப்ளாஷிங், அதாவது இடுக்குல தண்ணி இறங்காம போடற தகரம், மடிக்க விடமாட்டான், தூக்கறதுக்குத்தான் வச்சிருப்பான். அஞ்சு வருஷம் கழிச்சும் அதே ஷீட்டைத்தான் தூக்குவீங்க, முதுகு மட்டும் அஞ்சு வருஷம் பழசாயிருக்கும்.

அதே ஆளு: அப்போ என் 14 மாசத்துக்கு என்ன பதில்?

அதுல நீங்க ஏமாந்தது நிஜம். ஆனா சேரும்போது எந்த மாசம் என்ன சொல்லிக்கொடுப்பாங்கன்னு எழுத்துல வாங்கினீங்களா? வேலைக் குறிப்பு நோட்டுல வாராவாரம் என்ன செஞ்சோம்னு எழுதி கையெழுத்து வாங்கினீங்களா? எல்லாரும் சம்பளம் எவ்ளோன்னு மட்டும் கேக்கறாங்க, யாரு பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுப்பான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அப்புறம் குப்பை அள்றதை ஒரேயடியா மட்டமா பேசாதீங்க. பழைய கூரையைப் பிரிக்கும்போதுதான் எங்க மரம் மக்கியிருக்கு, எந்த ஸ்க்ரூவை ஓவரா முறுக்கி ரப்பர் வாஷர் பிதுங்கி வெடிச்சிருக்கு, எவன் கீழ்ஷீட்டை மேல்ஷீட்டுக்கு மேல போட்டு தண்ணியை உள்ள விட்டிருக்கான்னு கண்ணால பாக்கலாம். 3 மாசம் அது பாடம். 14 மாசம்னா மோசடி.

அதே ஆளு: நோட்டு கேட்டா வேலைய விட்டே தூக்கிடுவான், நீங்க மேல உக்காந்துக்கிட்டு பேசறீங்க.

இருக்கலாம். அந்த மாதிரி இடத்துல முதல் மாசமே தூக்கினா நல்லதுன்னுதான் சொல்லுவேன், 14 மாசம் மிச்சம். உங்களுக்குக் கோவம் தீராதுன்னு தெரியுது, மத்தவங்களும் காத்திருக்காங்க, அடுத்ததுக்குப் போறேன்.

கேள்வி: உயரம்னா பயம், என்ன செய்யலாம்?

மேல சொல்லியாச்சு.

கேள்வி: நான் பொண்ணு, 5 அடி. எடுத்துப்பாங்களா?

எடுக்கணும்மா. எங்க குழுவுல தகர மடிப்பு சுத்தமா வர்றது ஒரு பொண்ணு கையிலதான். ஒரே விஷயம், உங்க சைஸுக்கு ஹார்னஸ், அதாவது விழுந்தா பிடிச்சுக்கற கயிறு மாட்டற உடம்பு பெல்ட்டு, கேட்டு வாங்குங்க, பெரியவங்களோடதை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறாதீங்க. விழுந்தா அதுலேர்ந்து நழுவிடுவீங்க.

கேள்வி: ஹார்னஸ் போட்டா விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?

அப்படி நினைச்சுத்தான் ஒத்த மாடில அடிபடறாங்க. கயிறு 6 அடி, அதிர்ச்சி தாங்கற பை கிழிஞ்சு நீள்றது 3.5 அடி, முதுகு வளையத்துலேர்ந்து உங்க கால் வரைக்கும் ஒரு 5, 6 அடி, ஹார்னஸ் இழுபடறதுக்கும் பாதுகாப்புக்கும் 3 அடி. கூட்டிப் பாத்தா ஆங்கருக்கு, அதாவது கயிறைக் கட்டற இடத்துக்கு, கீழ 18 அடி காலியா இருக்கணும். 10 அடி உயர கூரைல இதை மாட்டிக்கிட்டு விழுந்தா கயிறு வேலை செய்றதுக்குள்ள தரை வந்துடும். தாழ்ந்த கூரைன்னா விளிம்புக்கே போக முடியாத அளவுக்கு கயிறைக் குட்டையாக் கட்டணும், இல்ல ஓரத்துல சாரமோ தடுப்போ போடணும். அந்த பிளாஸ்டிக் ஷீட்டும் விளிம்பு மாதிரிதான், விளிம்பு கண்ணுக்குத் தெரியும், அது வருஷம் ஆக ஆக தூசி படிஞ்சு பக்கத்து ஷீட்டு கலருக்கே வந்துடும், அவ்ளோதான் வித்தியாசம்.

கேள்வி: சம்பளம் எவ்ளோ கிடைக்கும்?

முதல் கேள்வியப் படிங்க. ப்ளீஸ்.

கேள்வி: நாளைக்கு முதல் நாள். என்ன எடுத்துட்டு போகணும்?

வழுக்காத ரப்பர் அடி ஷூ, முழுக்கை சட்டை, அளவு டேப்பு, பென்சிலு, நிறைய தண்ணி. உடம்பு சூட்டுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், மயக்கமா இருந்தா வீரம் காட்டாம நிழலுக்கு இறங்கு. ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளிய தள்ளி நிக்கணும், கூரை விளிம்புக்கு மேல 3 அடி நீட்டிக்கிட்டு இருக்கணும். இல்லேன்னா சொல்லி மாத்தச் சொல்லு, முதல் நாளா இருந்தாலும் சரி.

கேள்வி: அண்ணா நான் 48 கிலோதான். மெதுவா கால் வச்சா அந்த பிளாஸ்டிக் ஷீட்டு தாங்குமா?

தாங்காது.