மண்ணா, மொழியா?

அன்புள்ள ஐயா,

தொல்லியலும் பண்டைய உலக வரலாறும் சேர்ந்த இளங்கலைப் படிப்பில் சேர இருக்கிறேன். முதல் ஆண்டிலேயே ஒரு பண்டைய மொழியையும் எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஆசையெல்லாம் அகழாய்வுக் குழியில் இறங்குவதில்தான். மொழியை விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

விடாதீர்கள்.

1900இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், கிரேக்கத்தின் கிரீட் தீவில் நோசோஸ் என்ற இடத்தில் ஒரு பழைய அரண்மனையைத் தோண்டியபோது எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. சூளையில் சுடாமல் வெறுமனே காயவைத்தவை. அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயில் வெந்து இறுகியதால்தான் மிஞ்சின. லீனியர் பி என்ற அந்த எழுத்தை அரை நூற்றாண்டு யாராலும் படிக்க முடியவில்லை. சொற்களின் ஈறு எப்படி மாறுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலிஸ் கோபர் அட்டை அட்டையாக எழுதி ஒப்பிட்டார். அந்த வழியில் மேலே போன மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக் கலைஞர், அது பழைய கிரேக்கம் என்று 1952இல் கண்டுபிடித்தார். பலகைகளில் இருந்ததெல்லாம் கணக்கு: எத்தனை ஆடு, எவ்வளவு கம்பளி, யாருக்கு எவ்வளவு எண்ணெய். மேய்ப்பர்களின் பெயர்கூட இருக்கிறது. மன்னர்களின் கதையைவிட எனக்கு அது பெரிது. மொழி தெரியாமல் அந்த மேய்ப்பரை நாம் சந்தித்திருக்கவே முடியாது.

சரி, படித்தாகிவிட்டது. பலகைகளின் காலம் என்ன? கி.மு. 1400ஐ ஒட்டியா, 1200ஐ ஒட்டியா என்று 1960களில் பெரிய சண்டையே நடந்தது. பலகையில் ஆண்டு எழுதியிருக்கவில்லை. எந்தப் பலகை எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தோண்டியவர்கள் அன்றன்று எழுதிய குறிப்பேடுகளைத்தான் மறுபடி புரட்டினார்கள். குறிப்பேட்டில் விட்டுப்போனதை மண்ணிடம் திரும்பக் கேட்க வழியில்லை, அந்த அடுக்கே போய்விட்டது. கார்பன் காலக்கணிப்பு இருக்கிறதே என்பீர்கள். களிமண்ணுக்கு அது உதவாது. கூடவே கிடந்த கரியோ தானியமோ வேண்டும். கூடத்தான் கிடந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கவும் வேண்டும்.

முதல் ஆண்டில் பானையோட்டைக் கழுவி எண் எழுதுவதும், மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் கோடிட்டு வரைவதும் சலிப்பாக இருக்கும். அதுதான் இந்தப் படிப்பின் உயிர், பொறுமையாகச் செய்யுங்கள்.

எந்த மொழி என்றால், நீங்கள் இறங்க விரும்பும் நிலத்தின் மொழி. மெசபடோமியாவில் மனம் இருந்தால் அக்காடியன். அதன் ஆப்பெழுத்தில் குறிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், விடுமுறைக் களப்பயிற்சி எத்தனை வாரம், அதன் செலவு யாருடையது என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.