கசிவைச் சரிசெய்த பிறகும் பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குவது ஏன்?

கசிந்த பின்சக்கர பிரேக் குழாயை மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக்குகளிலும் சிக்கிய காற்றை இருமுறை வெளியேற்றிய பிறகும் பெடல் மெத்தென்றே அமுங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் முறை தொடங்குமுன், கசிவின்போது பிரேக் ஆயில் தொட்டி முற்றிலும் வற்றியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வற்றியிருந்தால், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் காற்று புகுந்திருக்கும்; அதை முதலில் அங்கேயே வெளியேற்றிவிட்டு, பிறகே சக்கரங்களுக்கு வர வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அலகினுள் காற்று புகுந்திருந்தால், அதன் வால்வுகளை இயக்கும் ஸ்கேன் கருவி இல்லாமல் பல கார்களில் அது முழுமையாக வெளியேறாது.

முன்பக்கக் காலிப்பர்களை (பிரேக் பேடுகளை வட்டின்மீது அழுத்தும் பகுதிகளை) கழற்றினீர்களா என்பதையும் பாருங்கள். நான் ஒருமுறை இடது வலது மாற்றிப் பொருத்திவிட்டு அரைநாள் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். காற்று எப்போதும் மேலே ஏறி நிற்கும். காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் திருகோ அப்போது காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்ததால், எவ்வளவு ஆயில் வெளியேறினாலும் மேலே தங்கிய காற்று அசையவே இல்லை.

வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். ஆனால் ஒரு முன்சக்கரமும் அதன் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில் வரும்படி குறுக்காகப் பிரிக்கப்பட்ட பிரேக் அமைப்புகளில் வரிசை வேறுபடலாம் என்பதால், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். பெடலை வேகமாக மிதித்தால் காற்று நுண்குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். ஆகவே உடனிருப்பவர் மெதுவாக மிதித்து அப்படியே பிடித்திருக்க, நீங்கள் திருகைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்குள் மூடிவிட வேண்டும். பழைய காராயின் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். தரைவரை மிதித்தால், வழக்கமாக எட்டாத துருப்பிடித்த பகுதியில் உரசி மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் கிழியக்கூடும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய நிலைக்கான வரம்போ 155 மட்டுமே. எனவே நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலிருந்தோ, வடிந்ததை மீண்டுமோ ஊற்றாதீர்கள். கசிவில் நனைந்த பிரேக் பேட், ஷூ ஆகியவற்றைத் துடைத்துப் பயன்படுத்துவதும் கூடாது, மாற்றிவிடுங்கள்.

இறுதியாக, இன்ஜினை ஓடவிட்டுப் பெடலைச் சிலமுறை மிதித்துவிட்டு, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில மிதிகளுக்குப் பின் உயர்ந்து கெட்டியானால் காற்று மிச்சமிருக்கலாம், அல்லது பின்பக்க டிரம் பிரேக்கில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி அதிகமாக இருக்கலாம். கெட்டியாக நிற்காமல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிவு இன்னும் இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உட்புறச் சீல் போய்விட்டது. அந்த நிலையில் காரைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.